பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள்

கரையில் நின்று பாய்வள்ளத்தைப் பார்ப்பவர்கள் முதலிற் பாயைப் பார்ப்பர். சற்றுக் கூர்ந்து நோக்குபவர்கள் மரத்தையும் பார்ப்பர். மரத்தைத் தாங்கி நிற்கும் கம்பிகளைப் பார்ப்பவர் மிகச் சிலரே. வெண்ணிறப் பாய் காற்றை உண்டு விம்மி நிற்கும் அழகிலே, அத்தனை பாரத்தையும் சுமக்கும் மரம் எதனாற் சாயாமல் நிற்கின்றது என்று கேட்க எவருக்குந் தோன்றுவதில்லை. ஆயினும், பழைய பாய்வள்ளம் ஒன்றை வைத்திருப்பவரை நடுச்சாமத்திற் காற்றுச் சத்தங் கேட்டு எழுந்து உட்கார வைப்பது அந்தக் கம்பிகளைப் பற்றிய நினைவுதான்.

எம்மிடம் உள்ள வள்ளம் 26 அடி நீளமானது. 1970களில் இங்கிலாந்திற் கண்ணாடி நாரினால் அமைக்கப்பட்டு, பலர் கைமாறி, 2009 இற் போர் முடிந்து கடற்றடைகள் மெல்லத் தளர்ந்த பின்னர் திருகோணமலையில் எம்மை வந்தடைந்தது. அதன் பாய்மரம் ஏறக்குறைய 30 அடி உயரமுள்ள அலுமினியக் குழாய். அதை முன்னே ஒரு கம்பியும், பின்னே ஒரு கம்பியும், இரு பக்கங்களிலும் மும்மூன்று கம்பிகளுமாக எட்டுக் கம்பிகள் இழுத்துப் பிடிக்கின்றன. ஒவ்வொன்றும் 5 மில்லிமீற்றர் தடிப்பு. நடுவே ஓர் இழை, அதைச் சுற்றி ஆறு, அதற்கும் வெளியே பன்னிரண்டு எனப் பத்தொன்பது இழைகளை முறுக்கியது ஒரு கம்பி. சுண்டுவிரலிலும் மெலிந்த இக்கம்பி அறுவதற்கு ஏறக்குறைய 2 தொன் இழுவை வேண்டும் என்றால் நம்புவதற்குச் சிறிது தயக்கமாகவே இருக்கும்.

கம்பியின் பலம் இவ்வளவாயினும், மரம் நிற்பது கம்பியினால் மட்டுமன்று. கம்பியின் மேல்முனையை மரத்தோடு பூட்டும் குறுக்காணி, கீழ்முனையிலே கம்பியை இறுக்கவும் தளர்த்தவும் உதவும் டேர்ன்பக்கிள் என்னும் இறுக்கி, அவ்விறுக்கியை வள்ளத்தின் உடலோடு பிணைக்கும் உருக்குப் பட்டை, இவற்றையெல்லாம் கழன்று விடாமற் காக்கும் சிறிய பிளவூசி என்று ஒரு சங்கிலியே உண்டு. காற்றுப் பக்கத்துச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப் போனாலும் மரம் அப்போதே மறுபக்கம் சரியும். அதன் கீழே அமர்ந்திருப்பவர்கள் எம் பிள்ளைகள். எனவே, இதனை ஒரு பொழுதுபோக்கின் செய்தியாக மட்டும் வாசகர்கள் கொள்ளமாட்டார்கள் என்று நம்புகின்றோம்.

கிழக்குக் கரையிலே கச்சான் வீசும் மாதங்கள் பாயோட்டத்துக்கு உகந்தவை. ஐப்பசி கழிந்து வாடை எழுந்து விட்டாற் கடல் முரடாகிவிடும். ஆகவே ஐப்பசி நடுவிலே வள்ளத்தைக் கரையேற்றி, மரத்தைச் சாய்த்து, வளவிலே கிடுகுக் கொட்டிலின் கீழ் மூன்று மரக்குதிரைகளின் மேற் கிடத்தி விடுவது எமது வழக்கம். வெளியே மழை பெய்துகொண்டிருக்க, உள்ளே கம்பிகளைச் சோதிக்கும் வேலை நடக்கும். வீட்டார் அனைவருக்கும் அதிற் பங்குண்டு.

சோதிக்கும் முறைகள் எளியவை. பஞ்சுத் துண்டொன்றைக் கம்பியைச் சுற்றிப் பிடித்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இழுத்து வர வேண்டும். பத்தொன்பது இழைகளில் ஒன்று அறுந்திருந்தாலும் அவ்விடத்திற் பஞ்சு சிக்கி நின்றுவிடும். வெறுங்கையால் இதனைச் செய்தால் கை கிழியும். பஞ்சிழுக்கும் வேலை பிள்ளைகளுக்கு உரியது. அடுத்து, கம்பி முனைக் குழலுக்குள் நுழையும் இடத்தை உருப்பெருக்குக் கண்ணாடி கொண்டு பார்க்க வேண்டும். இழைகள் பெரும்பாலும் நடுவில் அறுவதில்லை; குழலின் வாயிலேயே அறும். இறுக்கியின் மரைகளைத் துடைத்து, அவை நேராக உள்ளனவா, வளைந்துள்ளனவா என்று பார்க்க வேண்டும். குறுக்காணியைக் கழற்றி, அதன் நடுவிலே தேய்வு விழுந்துள்ளதா என நகத்தால் வருடிப் பார்க்க வேண்டும்.

கடந்த வாடைக்காலத்தில் இவ்வேலை நடந்துகொண்டிருந்தபோது, தேநீர் கொண்டுவந்த எம் இல்லாள் கரையேற்றியிருந்த வள்ளத்தின் அருகே நின்று, "இஞ்சாருங்கோ, இதிலை என்ன புளிக்கறை மாதிரி வடிஞ்சிருக்கு?" என்று கேட்டார். வலப்பக்கத்து உருக்குப் பட்டை மேற்றளத்தைத் துளைத்து உள்ளே இறங்கும் இடத்தில், நூலளவு தடிப்பிலே தவிட்டு நிறக் கறையொன்று ஒழுகியிருந்தது. பட்டையோ மேலே வெள்ளிப் பாத்திரம் போல மினுங்கிக்கொண்டிருந்தது.

"கறள் பிடிக்காத உருக்கல்லவா? மேலே எங்கிருந்தாவது வழிந்திருக்கும்" என்றோம்.

"உப்புத்தண்ணி ஊத்தி வைச்ச சில்வர்ச் சட்டியிலும் அடியிலை இப்பிடித்தான் ஊசிப்புள்ளி விழுகிறது. அதுவும் கறள் பிடிக்காது எண்டுதான் கடைக்காரன் சொன்னவன்" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

இதிலே ஓர் உண்மை அடங்கியிருக்கின்றது. 1913 இல் இங்கிலாந்தின் செஃபீல்ட் நகரில், தேய்வைத் தாங்கும் துப்பாக்கிக் குழல்களுக்கான உருக்கைத் தேடிக்கொண்டிருந்த ஹரி பிறியர்லி என்பார், குரோமியம் கலந்த உருக்குக் கறள் பிடிக்காதிருப்பதைக் கண்டார். அவ்வுருக்கு முதலிற் புகழ் பெற்றது கத்தியாகவும் கரண்டியாகவுமே. பின்னரே அது கடலுக்குச் சென்றது. நூற்றுக்குப் பத்தரைப் பங்குக்குக் குறையாமற் குரோமியம் இருந்தால், அது காற்றிலுள்ள ஒட்சிசனோடு கூடி, உருக்கின் மேற் கண்ணுக்குப் புலனாகாத மென்படலமாகப் படிந்து காக்கின்றது. படலம் கீறப்பட்டாலும் ஒட்சிசன் கிடைக்கும் வரையில் தானாகவே மீண்டும் வளர்ந்துவிடும். இங்கேதான் இடுக்கண் உள்ளது. ஒட்சிசன் புகாத இடுக்கிலே உப்பு நீர் தேங்கி நின்றால், கீறப்பட்ட படலம் வளர வழியில்லை. உப்பு அவ்விடத்தைத் தின்னத் தொடங்கும். சட்டியின் அடியிற் கரையாத உப்பு படிந்து கிடக்கும் இடமும், பட்டை மேற்றளத்தினுள் மறையும் இடமும் இவ்வகையில் ஒன்றே. வெயிலும் காற்றும் மழையும் படும் பகுதி ஆண்டுக்கணக்கில் மினுங்கும். கண்ணிற் படாத அரை அங்குலமே நோயுறும்.

மறுநாட் காலையிலே பட்டையின் மரையாணிகளைக் கழற்றி, மேற்றளத்திலிருந்து அதனை உருவி எடுத்தோம். மறைந்திருந்த இடத்திலே கருமையான புள்ளிகள் சில தெரிந்தன. வெறும் புள்ளிதானா, வெடிப்பா என்று அறியச் செந்நிறச் சாயச் சோதனை ஒன்று உண்டு. சாயத்தைப் பூசிச் சிறிது நேரம் ஊறவிட்டு, மேற்பரப்பைத் துப்புரவாகத் துடைத்து, அதன்மேல் வெண்பொடி மருந்தை விசிற வேண்டும். வெடிப்புக்குள் நுழைந்திருந்த சாயம் வெளியே கசிந்து, வெண்மையின் மீது செங்கோடாகத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். எமது பட்டையின் குறுக்கே, அகலத்திற் பாதி வரைக்கும், அந்தச் செங்கோடு ஓடியது. பிள்ளைகள் அதைப் பார்த்து விளையாட்டாகச் சிரித்தனர். எமக்குச் சிரிப்பு வரவில்லை. புரட்டாதி மாதத்திலே அவர்கள் அந்தப் பட்டையை நம்பித்தான் கொட்டியாரக் குடாவிற் பாயோடியிருந்தார்கள்.

பட்டையைப் பார்க்க வந்த முதிய ஓடாவியார், அதை விரலால் ஒருமுறை சுண்டி ஓசையைக் கேட்டுவிட்டு, "தம்பி, கயிறு போகமுன்னம் சொல்லிப்போட்டுத்தான் போகும். இது சொல்லாமற் போகிற சாதி" என்றார். மரவள்ளங்களோடு வாழ்நாளைக் கழித்தவர் அவர். தும்புக் கயிறு தேய்ந்தால் நார் எழும்பும், வெயிலில் நரைக்கும், பாரந் தாங்காத நிலையில் நீண்டு தளரும். அதைக் கட்டியவர் ஒவ்வொரு பயணத்திலும் கையால் தொட்டு, தளர்ந்ததை இறுக்கி, நைந்ததை அறுத்துப் புதிதாகக் கட்டுவார். கயிற்றின் பலம் குறைவுதான். ஆனால் அதன் குறையெல்லாம் வெளியே தெரியும்.

கம்பி கடலுக்கு வந்ததே பத்தொன்பதாம் நூற்றாண்டிலேதான். 1834 இல் ஜெர்மனியின் ஹார்ஸ் மலைச் சுரங்கங்களில் வில்ஹெல்ம் அல்பேட் என்பார் சங்கிலிக்குப் பதிலாகக் கம்பிவடத்தைப் பயன்படுத்தினார். அதற்குப் பின்னரே கப்பல்களின் மரங்களும் கம்பியாற் கட்டப்படலாயின. அதற்கு முற்பட்ட கப்பல்களிலே, மூன்று துளையிட்ட இரண்டு மரவட்டுகளுக்கு இடையிற் சிறு கயிற்றை மாறி மாறிக் கோத்து இழுத்து, மரத்தைத் தாங்கும் பெருங்கயிறுகளை இறுக்கினர். எமது துறைமுகத்தின் பெயரையே தாங்கிய திருகோணமலை என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலில் இந்த அமைப்பை இன்றும் காணலாம். 1817 இற் பம்பாயிலே வாடியா குடும்பத்துக் கப்பற் சிற்பிகளாற் தேக்கு மரத்திற் கட்டப்பட்ட அக்கப்பல், 2001 இற் புதுப்பிப்பு வேலைகள் முடிவுற்று, இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரிலே மிதந்துகொண்டிருக்கின்றது. மிதக்கும் நிலையிலுள்ள பிரித்தானியப் போர்க்கப்பல்களுள் மிகப் பழையது அதுவே.

நம்மவர் கதையும் உண்டு. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 89 அடி நீளமான அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை வில்லியம் அல்பேட் றொபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கி, புளோரன்ஸ் சீ. றொபின்சன் என்று பெயர் மாற்றினார். அது 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. அதனைச் செலுத்திச் சென்றோருள் வல்வெட்டித்துறைத் தம்பிப்பிள்ளைத் தண்டையலும் அவரோடு சென்ற நம்மூர்க் கடலோடிகளும் இருந்தனர். மாதக்கணக்கிலே கடலில் நிற்கும் ஒரு பாய்க்கப்பல், கட்டிய நாளிலே முடிந்துவிட்ட பொருளன்று. அதன் மரங்களைத் தாங்குபவற்றை நாள்தோறும் பார்த்து இறுக்கும் கைகள் இருந்தமையாலேயே அது அக்கரை சேர்ந்தது.

இவையெல்லாம் நினைவில் வர, இரும்பையே விட்டுவிட்டு மீண்டும் கயிற்றுக்குத் திரும்பினால் என்ன என்ற எண்ணமும் எழுந்தது. இது வெறுங் கனவன்று. நெதர்லாந்திலே ஆராயப்பட்டு, 1990 முதல் வணிக முறையில் உற்பத்தியாகும் டைனீமா என்னும் நார், நிறைக்கு நிறை உருக்கிலும் பன்மடங்கு பலமானது; நீரில் மிதக்கும்; கறள் என்பதையே அறியாது. இக்காலத்தில் உலகஞ் சுற்றும் சில பாய்வள்ளங்களிலே இந்தக் கயிற்றையே மரத்துக்குக் கட்டி, பழைய மரவட்டுகளுக்குப் பதிலாக வழுவழுப்பான உலோக வளையங்களை வைத்து, அதே பழைய முறையிற் கோத்து இறுக்குகின்றனர்.

ஆயின் அதற்கும் குறைகள் உண்டு. ஓயாத இழுவையிலே அந்நார் மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போகும். வெப்பம் மிகுந்தால் அது விரைவாக நீளும். ஆதலால் பலத்துக்கு வேண்டியதைவிடத் தடித்த கயிற்றைத் தெரிய வேண்டும். வெயிலும் உராய்வும் அதன் மேற்பரப்பை அரிக்கும். நமது கரையிலே வெயில் இரக்கமற்றது. நீண்ட யோசனைக்குப் பின்னர், மரத்தைத் தாங்கும் எட்டுக் கம்பிகளையும் உருக்காகவே வைத்துக்கொள்வதென்றும், ஆனால் அவற்றில் எந்த இடமும் கண்ணுக்கு மறைவாக இருக்கக் கூடாதென்றும் முடிவு செய்தோம்.

முதல் வேலை பட்டைகள். பழையவை, வீட்டுச் சட்டிகளுக்குப் பயன்படும் வகை உருக்கினாலானவை. புதியவற்றை 316 எனப்படும் வகையிலே, 6 மில்லிமீற்றர் தகட்டில் நகரத்து லேத்துப் பட்டறை ஒன்றிற் செய்வித்தோம். அவ்வகையில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு மொலிப்டினம் கலந்திருப்பதால் உப்பை அது சற்று நன்றாகத் தாங்கும். சொரசொரப்பிலே உப்பு தங்கும் ஆகையால் தகட்டைக் கண்ணாடி போல மினுக்கித் தரும்படி கேட்டோம். உருக்கின் வகையிலும் பெரிய மாற்றம் பட்டைகளின் இடம். மேற்றளத்தைத் துளைத்து உள்ளே இறங்கிய பட்டைகளை வள்ளத்தின் வெளிப்பக்கத்துக்கு மாற்றி, உட்புறத்திலே அகன்ற தாங்குதகடு வைத்து மரையாணிகளாற் பிணைத்தோம். பழைய துளைகள் எப்பொக்சிப் பசையால் அடைக்கப்பட்டன. இதனால் முன்பாயை முன்போல நெருக்கி இழுக்க முடிவதில்லை. காற்றை எதிர்த்து ஏறும் கோணத்திலே சிறிது இழப்பு உண்டு. போட்டிக்கு ஓடுபவருக்கு அது பெரிது. எமக்கோ, பட்டை முழுவதையும் ஓடத்தில் நின்றவாறே கண்ணாற் பார்க்கலாம் என்பதே பெரிது.

இரண்டாவது வேலை கம்பி முனைகள். ஆலையிலே இயந்திரத்தால் நெரித்துப் பொருத்திய குழல்கள் உறுதியானவையே. ஆனால் அவற்றின் உள்ளே நடப்பதை எவரும் பார்க்க முடியாது. அதற்குப் பதிலாக, கம்பியின் இழைகளைப் பிரித்து, நடுவிலே சிறு கூம்பொன்றை வைத்து, மரையால் இறுக்கும் முனைகளைத் தெரிந்தோம். இரண்டு சாவிகள் போதும். பின்னொரு நாளிலே திறந்து பார்க்கவும், கூம்பை மாத்திரம் மாற்றி மீண்டும் பூட்டவும் முடியும். கம்பிகள் எட்டையும் புதிதாக மாற்றினோம். பத்தாண்டுக்கு ஒருமுறை கம்பியை மாற்ற வேண்டும் என்பது குளிர்நாடுகளிலும் வழங்கும் பொது விதி. வெப்பமும் உப்பும் கூடிய நமது நீரிலே அதனினும் முந்துவது நன்று.

மூன்றாவது, இறுக்கிகள். உருக்கு மரை உருக்கு மரையோடு உரசினால் இரண்டும் ஒட்டிக்கொண்டு பின்னர் அசையாது. ஆகவே வெண்கல உடலும் உருக்குத் தண்டும் உள்ள இறுக்கிகளை வாங்கினோம். அவற்றின் அடியிலே இருபுறமும் மடியும் மூட்டு ஒன்று இருத்தல் வேண்டும். மரம் அசையும்போது முழங்கால் போல அது மடிந்து கொடுக்கும். மூட்டில்லாவிடில் தண்டு வளைந்து வளைந்து நாளடைவில் ஒடியும். முன்கம்பிக்குப் பாயின் பக்க இழுவையும் உண்டாதலின் மேலும் கீழும் இரு மூட்டுகள் தேவை.

டைனீமாவை முற்றாகக் கைவிட்டோமல்லோம். வள்ளத்தின் ஓரத்திலே பிள்ளைகள் பிடித்து நடக்கும் காவற்கம்பிகள், கைக்கு இதமாக இருக்கட்டும் என்று வெண்ணிறப் பிளாஸ்ரிக் உறையிடப்பட்டவையாய் இருந்தன. உறையை ஓரிடத்திற் கீறிப் பார்த்தபோது, உள்ளே கம்பி தவிட்டுப் பொடியாகி இருந்தது. அவற்றை அகற்றி டைனீமாக் கயிற்றைக் கட்டினோம். அது நைந்தாற் பஞ்சு போல மயிரெழும்பிக் காட்டும். எம் இளைய மகளே அதைக் கண்டு சொல்லக்கூடும்.

இனிச் சிறு வேலைகள்: ஒவ்வொரு குறுக்காணிக்கும் புதுப் பிளவூசி இடல், அதன் கால்களை வளைத்துச் சுருட்டாமற் சிறிதளவே விரித்தல், பாயைக் கிழிக்காதபடி அதன்மேல் நாடா சுற்றல், அலுமினிய மரத்தில் உருக்குச் சாமான் தொடும் இடமெல்லாம் காப்புப் பசை பூசல். இரு வேறு உலோகங்கள் உப்பு நீரிற் கூடினால் அலுமினியம் வெண்பொடியாய் உதிரும். ஒவ்வொன்றையும் மாற்றிய திகதியை ஒரு கொப்பியிலே குறித்து வைத்தல் இவை எல்லாவற்றிலும் முக்கியமானது. வள்ளம் அடுத்து யார் கைக்குப் போகின்றதோ, அவருக்கு அக்கொப்பியே முதுசம்.

செலவு சிறிதன்று. "இந்தக் காசுக்கு ஒரு மோட்டார் வள்ளம் வாங்கலாமே" என்று சொன்ன நண்பர்களும் உளர். அவர்கள் கணக்குப் பிழையன்று. ஆயினும் பங்குனியிலே மரத்தை நிமிர்த்தி, எட்டுக் கம்பிகளையும் இறுக்கி, மரத்தின் அடியிற் கண்ணை வைத்து உச்சி வரை அது நேராக நிற்கின்றதா என்று பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகப் பார்த்தபோது, அவர்கள் ஒவ்வொரு கம்பியின் பெயரையும் அதன் தொழிலையும் அறிந்தவர்களாக இருந்தனர். வெடித்த பட்டையை எறியாமல் எம் இல்லாள் அடுக்களையில் உப்புச் சாடிக்கு அருகே வைத்திருக்கின்றார். வருபவர்கள் கேட்டால், எம்மிலும் சுருக்கமாகவும் தெளிவாகவும் அதன் வரலாற்றைச் சொல்லிவிடுவார்.

வள்ளம் இல்லாத வாசகர்களுக்கும் இதிலே ஒரு வேலை உண்டு. உங்கள் வீட்டு விறாந்தையிலே ஊஞ்சல் இருக்கலாம். கிணற்றடியிலே கப்பி தொங்கலாம். குழந்தையின் ஏணை ஒரு கொளுக்கியிலே ஆடிக்கொண்டிருக்கலாம். சங்கிலியையும் கயிற்றையும் நாள்தோறும் காண்கிறீர்கள். அவை வளையினுள் நுழையும் இடத்தை எப்போது கண்டீர்கள்? வருகின்ற ஞாயிறன்று ஓர் ஏணியை வைத்து ஏறி, அந்தக் கொளுக்கியைக் கழற்றி வெளிச்சத்திலே பாருங்கள். நன்றாயிருந்தால் சிறிது எண்ணெய் இட்டு மீண்டும் மாட்டிவிடலாம். நன்றாயில்லாவிடின், ஒரு புதுக் கொளுக்கியின் விலையோடு காரியம் முடிந்துவிடும்.